சாலிட் சர்ஃபேஸ் பலகையில் சப்ளிமேஷன்: ஹீட் பிரஸ் தேர்ந்தெடுக்கும் முறை

தாளில் சாய மையால் அச்சிட்ட படத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஆவியாக்கி வேறொரு பொருளுக்குள் ஏற்றுவதுதான் சப்ளிமேஷன். சாலிட் சர்ஃபேஸ் என்பது பிசினும் தூளும் கலந்து செய்த செயற்கைப் பலகை. துணிக்கென்று வாங்கிய ஹீட் பிரஸ்ஸில் 12 மி.மீ. சாலிட் சர்ஃபேஸ் பலகையை வைத்து 200 டிகிரி, 60 விநாடி என்று ஓட்டினால் வெளிறிய படம்தான் கிடைக்கும். நேரத்தைக் கூட்டினால் நடுவில் நிறம் ஏறும், ஓரத்தில் ஏறாது. மேலும் கூட்டினால் பலகை வளையும், சில இடங்களில் கொப்புளமும் வரும். பலர் இந்தக் கட்டத்தில் மையை மாற்றுகிறார்கள், பிறகு தாளை மாற்றுகிறார்கள். கோளாறு இரண்டிலும் இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணியைச் சூடாக்க வடிவமைத்த எந்திரம் அது. தடித்த, கனமான, சூட்டில் இளகுகிற பொருளுக்கு வேறு கணக்கு வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பிளேட் (சூடாகும் தகடு) அளவும் உச்ச வெப்பமும் இங்கே உதவாது. பிளேட்டின் வெப்ப இருப்பு (அது சேர்த்து வைத்துக் கொடுக்கக்கூடிய வெப்பம்), பலகை மேல் உண்மையில் விழும் அழுத்தம், திறக்கும் விதம், ஆற வைக்கும் வழி ஆகிய நான்கையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். (இந்தக் கட்டுரையில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.)

பொருள் முதலில்

சாலிட் சர்ஃபேஸ் என்ற பெயரில் விற்கப்படுவதில் அக்ரிலிக் பிசின் வகை, பாலியெஸ்டர் பிசின் வகை, இரண்டும் கலந்த வகை என்று உண்டு. அக்ரிலிக் வகையில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிசின், மீதி பெரும்பாலும் அலுமினியம் ட்ரைஹைட்ராக்சைடு என்ற வெள்ளைத் தூள். டூபான்ட் நிறுவனத்தின் கோரியன் இந்த வகையைச் சேர்ந்தது. சப்ளிமேஷன் சாயம் ஆவியாகிப் பிசினுக்குள்தான் புகும், தூளுக்குள் புகாது. அதனால் பூச்சிட்ட அலுமினியத் தகட்டில் கிடைக்கும் பளிச்சென்ற நிறத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

வெப்பத்துக்கு இரண்டு பக்கமும் எல்லை இருக்கிறது. அக்ரிலிக் பிசின் 100 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கும். 150 முதல் 165 டிகிரிக்குள் பலகையை வளைத்து வடிவமைக்கிறார்கள். சாயம் வேகமாக ஆவியாக 170 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் 200 டிகிரியை ஒட்டி அந்த வெள்ளைத் தூள் தனக்குள் பிணைந்திருக்கும் நீரை விடத் தொடங்கும். நீராவி வெளியேற வழியில்லாமல் பலகைக்குள்ளேயே கொப்புளிக்கும். ஆகவே பலகையின் மேற்பரப்பில் 170 முதல் 185 டிகிரி வரை என்ற குறுகிய இடைவெளியில்தான் வேலை நடக்க வேண்டும். 230 டிகிரி வரை போகும் என்று ஒரு எந்திரத்தைப் புகழ்ந்தால் அதில் நமக்குப் பயன் எதுவும் இல்லை. 180 டிகிரியை எல்லா மூலையிலும் பத்து நிமிடம் பிடித்து வைக்குமா என்றுதான் கேட்க வேண்டும்.

பாலியெஸ்டர் வகையில் சாயம் நன்றாகவே ஏறும். ஆனால் அது அக்ரிலிக் அளவுக்கு இளகாது, வளைந்தால் விரிசல் விடும். எந்த வகையாக இருந்தாலும் பலகைத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வெப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். அது மேலே சொன்ன எண்களுக்குக் குறைவாக இருந்தால் அதையே எல்லையாகக் கொள்ள வேண்டும்.

வெப்ப இருப்பு: கணக்குப் போட்டுப் பாருங்கள்

40 × 60 செ.மீ. அளவில் 12 மி.மீ. பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 2,880 கன செ.மீ. ஒரு கன செ.மீ. ஏறக்குறைய 1.7 கிராம் என்பதால் எடை 5 கிலோவை ஒட்டி வரும். இந்தப் பொருளை ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 1.2 கிலோஜூல் தேவை. 30 டிகிரியிலிருந்து 180க்குக் கொண்டுபோக 5 × 1.2 × 150, அதாவது 900 கிலோஜூல். 2 கிலோவாட் பிரஸ் தன் முழு வெப்பத்தையும் வீணாக்காமல் கொடுத்தாலே 450 விநாடி, ஏழரை நிமிடம் ஆகும். 1.2 கிலோவாட் சிறிய பிரஸ்ஸுக்குப் பன்னிரண்டரை நிமிடம். உண்மையில் காற்றிலும் அடித்தளத்திலும் போகும் இழப்பையும் சேர்க்க வேண்டும்.

பிளேட்டின் தடிமனும் இதே கணக்கில் வரும். அதே அளவில் 2 செ.மீ. தடிமனான அலுமினிய பிளேட் 13 கிலோ இருக்கும். அதை 185 டிகிரியில் வைத்து, ஹீட்டரை அணைத்துவிட்டு, குளிர்ந்த பலகையின் மேல் இறக்கினால் இரண்டும் 130 டிகிரியை ஒட்டிச் சமன்படும். பிளேட் 1 செ.மீ. மட்டுமே என்றால் 107 டிகிரிக்கு இறங்கிவிடும். ஹீட்டர் ஓடிக்கொண்டிருப்பதால் நடைமுறையில் இவ்வளவு இறங்காது. ஆனாலும் மெல்லிய பிளேட்டில் டிஸ்ப்ளே 185 என்று காட்டிக்கொண்டிருக்க, பலகையின் மேற்பரப்பு நெடுநேரம் 140இலேயே நிற்பது இதனால்தான். சென்சார் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், பலகையின் பக்கத்தில் இருக்காது.

வாங்கும்போது பிளேட்டின் தடிமனை ஸ்கேல் வைத்தே அளந்துவிடுங்கள். வெளியே தெரியும் மூடியை அளந்து ஏமாற வேண்டாம். ஹீட்டர் குழாயை உள்ளே வைத்து வார்த்த கனமான அலுமினிய பிளேட், தகட்டின் பின்னால் ஹீட்டரைத் திருகிய வகையைவிட எப்போதும் மேல். மின் சக்தியைப் பொறுத்தவரை ஒரு சதுர செ.மீ.க்கு 1 வாட் என்பது 12 மி.மீ. பலகைக்கு நியாயமான குறைந்தபட்சம். 40 × 60க்கு 2.4 கிலோவாட். பெரிய அளவுக்குப் போனால் மின் இணைப்பையும் அதே நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கும். 60 × 90 செ.மீ. பிரஸ்ஸில் மேலும் கீழும் ஹீட்டர் இருந்தால் 8 முதல் 10 கிலோவாட் வரை இழுக்கும்.

இரண்டு பக்க ஹீட்டர் ஆடம்பரம் இல்லை. ஒரு பொருளுக்குள் வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு பக்கம் மட்டும் சூடேற்றினால் 12 மி.மீ. முழுவதும் வெப்பம் பரவ, தொடர்பு கச்சிதமாக இருந்தாலே, ஐந்து நிமிடத்தை ஒட்டி ஆகும். இரண்டு பக்கமும் சூடேற்றினால் வெப்பம் 6 மி.மீ. மட்டும் போனால் போதும், நேரம் நான்கில் ஒரு பங்காகிவிடும். பலகை வளைவதும் பெரிதும் குறையும், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் விரிந்துதான் பலகை வில்லாகிறது. 12 மி.மீ. பலகையையே தொழிலாகச் செய்யப் போகிறவர்கள் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

அழுத்தம்: மீட்டர் காட்டுவது வேறு, பலகை உணர்வது வேறு

காற்றழுத்த சிலிண்டரால் அழுத்தும் ஏர் பிரஸ்ஸின் மீட்டரில் 6 பார் என்று இருக்கும். அந்த அழுத்தம் சிலிண்டருக்குள் இருப்பது. 10 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ. அது 6 பாரில் ஏறக்குறைய 480 கிலோ விசை தரும். அந்த 480 கிலோ 2,400 சதுர செ.மீ. பலகையில் பரவினால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 கிலோதான். சிலிண்டரை 15 செ.மீ. ஆக்கினால் 1,080 கிலோ, அதாவது சதுர செ.மீ.க்கு 0.45 கிலோ. கைப்பிடியால் அழுத்தும் பிரஸ்ஸில் இதைக் கணக்கிடவே வழியில்லை, மூலைக்கு மூலை மாறும்.

வாக்யூம் பிரஸ்ஸில் பலகையை மெம்பரேன் என்ற வளையும் சிலிகான் விரிப்பால் மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அப்போது அழுத்துவது வெளியே உள்ள காற்று மண்டலமே. 90 சதவீத வெற்றிடம் எடுத்தால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 0.9 கிலோ, அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராக. நம் 40 × 60 பலகையின் மேல் 2,100 கிலோவுக்கு மேல் விழுகிறது. பருமனான இரும்புச் சட்டம் கொண்ட ஏர் பிரஸ்தான் அதிகம் அழுத்தும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்தால் அது அப்படியே தலைகீழாகும்.

சீரான அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்? பலகையின் தடிமன் இடத்துக்கு இடம் சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மாறுபடும். பின்பக்கத்தில் பெரும்பாலும் அச்சு வரிகளும் மேடு பள்ளமும் இருக்கும். கடினமான பிளேட் மேட்டைத் தொடும், பள்ளத்தைத் தொடாது. தாளுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழுந்த இடத்தில் சாயம் பரவி, படம் கலங்கிவிடும். மெம்பரேன் பள்ளத்திலும் படியும். ஏர் பிரஸ்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் பலகையின் பின்பக்கத்தை சாண்டிங் செய்து சமமாக்கி, அதற்கடியில் வெப்பம் தாங்கும் ஃபெல்ட் அல்லது சிலிகான் ஃபோம் போடுங்கள். தாளுக்கும் ஹீட்டருக்கும் நடுவே போட்டால் வெப்பத்தைத் தடுத்துவிடும். கீழேயும் ஹீட்டர் இருக்கும் பிரஸ்ஸில் ஃபெல்ட்டை மெல்லியதாகத் தேர்ந்தெடுங்கள்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 170 டிகிரியில் பலகை இளகியிருக்கும்போது தேவைக்கு மேல் அழுத்தினால் ஓரம் பிதுங்கும், பிளேட்டுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் எதன் தடமும் மேற்பரப்பில் பதியும். துணி நெசவுள்ள டெஃப்லான் ஷீட்டைப் போட்டால் அந்த நெசவு அப்படியே தெரியும். மேலே வழவழப்பான சிலிகான் பூச்சுத் தாளும் அதன் மேல் 1 மி.மீ. வழவழப்பான அலுமினியத் தகடும் வைப்பது பாதுகாப்பு.

எந்த வகை எந்திரம்

வாய் பிளந்து மூடும் கிளாம்ஷெல் வகையை விட்டுவிடுங்கள். பின்பக்கக் கீலைச் சுற்றி இறங்குவதால் 12 மி.மீ. பலகையின் பின் ஓரத்தை முதலில் கவ்வும், முன் ஓரம் தளர்ந்து நிற்கும். விளிம்பு உடையவும் கூடும்.

மேல் பிளேட் பக்கவாட்டில் விலகும் ஸ்விங் வகை, நேராக மேலிருந்து இறங்குவதால் சிறிய வேலைக்குச் சரி. 6 மி.மீ. பலகையில் 30 × 40 செ.மீ. வரையிலான பெயர்ப்பலகை, கோஸ்டர், ஓடு போன்றவற்றுக்குப் போதும். பிளேட்டுக்கும் மேசைக்கும் இடையே குறைந்தது 30 மி.மீ. திறப்பு வேண்டும். பலகை, ஃபெல்ட், தகடு எல்லாம் சேர்ந்தால் உயரம் கூடிவிடும்.

கீழ் மேசை வெளியே இழுபடும் டிராயர் வகை ஏர் பிரஸ், பெரிய தட்டையான பலகைக்கு ஏற்றது. ஐந்து, பத்து கிலோ பலகையைச் சூடான பிளேட்டுக்கு அடியில் கையை நுழைத்து வைப்பதைவிட வெளியே வைத்து அடுக்கி உள்ளே தள்ளுவது கைக்கும் பாதுகாப்பு, தாளும் நகராது. ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். நான்கு மூலையிலும் ஒவ்வொரு துண்டுத் தாளை வைத்து மூடி இழுத்தால், எந்த மூலை தளர்வு என்பது கைக்கே தெரியும்.

மெம்பரேன் வாக்யூம் பிரஸ்தான் இந்தப் பொருளுக்கு மிகப் பொருத்தமானது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. தட்டைப் பலகை, உருட்டிய விளிம்பு, ஆழமில்லாத தட்டு எல்லாவற்றையும் செய்யும். ஆறும்வரை வெற்றிடத்தை விடாமல் பிடித்து வைக்கலாம். இதில் கவனிக்க வேண்டியவை வேறு:

– வெப்பம் எங்கிருந்து வருகிறது? மேலிருக்கும் ஹீட்டர் மட்டும் என்றால் 2, 3 மி.மீ. சிலிகான் மெம்பரேனைக் கடந்துதான் வெப்பம் வர வேண்டும், நேரம் கூடும். அடித்தளமும் சூடாகும் மாடல் நல்லது.

– சாலிட் சர்ஃபேஸை வளைப்பதற்காகச் செய்த வாக்யூம் பிரஸ்கள் உண்டு. பார்க்க இதே போலிருக்கும். பல 160 டிகிரியை மனதில் வைத்துச் செய்தவை. பலகையின் மேற்பரப்பில் 180 வருமா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். மெம்பரேன் தொடர்ந்து எத்தனை டிகிரி தாங்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

– பம்ப்பை ஓட்டி வெற்றிடம் எடுத்து, வால்வை மூடி, பம்ப்பை நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சீல் கசிகிறது. சூட்டில் இன்னும் கசியும்.

– மெம்பரேன் ஒன்றின் விலை, கிடைக்கும் காலம். அது தேய்ந்து மாற்றுகிற பொருள்தான். கூரான விளிம்பு அதைக் கிழிக்கும். பலகை விளிம்பை 2, 3 மி.மீ. உருட்டுங்கள், அல்லது பலகையைச் சுற்றி அதே தடிமனில் சட்டம் வைத்துவிடுங்கள்.

மக், செல்போன் உறைக்கான சிறிய வாக்யூம் அடுப்புகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றின் ஹீட்டரும் பம்ப்பும் இந்த எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

கன்ட்ரோலரும் டைமரும்

குறித்த வெப்பத்தை நெருங்க நெருங்க ஹீட்டரின் சக்தியைத் தானே கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலர் இருக்க வேண்டும். வெறும் தெர்மோஸ்டாட் 10, 15 டிகிரி மேலும் கீழும் ஆடும், நம்மிடம் இருக்கும் மொத்த இடைவெளியே அவ்வளவுதான். டிஸ்ப்ளேவுக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தும் ஆஃப்செட் வசதி வேண்டும். டைமர் குறைந்தது 20 நிமிடம் போக வேண்டும். 999 விநாடியோடு நிற்கும் டைமர் பதினாறரை நிமிடத்தில் முடிந்துவிடும், தடித்த பலகைக்குப் பல நேரம் போதாது.

பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனை

விற்பனையாளரிடம் துணியில் அடித்துக் காட்டச் சொன்னால் எல்லா எந்திரமும் நல்லதாகத்தான் தெரியும். உங்கள் பலகையை எடுத்துப் போங்கள், கூடவே கே வகை மெல்லிய கம்பி தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் கம்பி) நான்கும், தொடு முனை உள்ளது ஒன்றும், அவற்றுக்கான மீட்டரும்.

1. பிரஸ்ஸை 185இல் வைத்து முக்கால் மணி நேரம் ஓட விடுங்கள். உடனே அளந்தால் ஓரம் இன்னும் சூடாகியிருக்காது.

2. பிளேட்டை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றின் நடுவிலும் தொடு முனை தெர்மோகப்பிளால் அளக்கவும். மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் 6 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலகிவிடலாம். இன்ஃப்ராரெட் துப்பாக்கியைப் பளபளக்கும் வெறும் அலுமினியத்தின் மேல் காட்டாதீர்கள், மிகக் குறைத்துக் காட்டும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் வெப்பம் தாங்கும் மங்கிய கறுப்புப் பெயிண்ட் புள்ளி வைத்து அந்தப் புள்ளியை அளக்க வேண்டும்.

3. பலகையின் மேல் நடுவில் ஒன்று, இரண்டு மூலைகளில் ஒவ்வொன்று, அடியில் நடுவில் ஒன்று என்று நான்கு கம்பிகளை வெப்ப டேப்பால் ஒட்டி, வெறும் சப்ளிமேஷன் தாளைப் போட்டு மூடுங்கள்.

4. நிமிடத்துக்கு ஒரு முறை நான்கையும் எழுதுங்கள். மேற்பரப்பின் நடு 175ஐத் தொட எத்தனை நிமிடம், அப்போது மூலை எவ்வளவு, அடிப்பக்கம் எவ்வளவு என்பதுதான் அந்த எந்திரத்தின் உண்மையான தகவல் தாள். நடுவும் மூலையும் 8 டிகிரிக்குள் நெருங்கி வர வேண்டும்.

5. உடனே இரண்டாவது பலகையை வைத்து மறுபடி அளங்கள். முதல் பலகையைவிட மிக அதிக நேரம் எடுத்தால் வெப்ப இருப்பு போதவில்லை. ஒன்றுக்கு ஒன்று இடையே காத்திருந்துதான் தயாரிக்க முடியும்.

முதல் ஓட்டத்துக்கான அமைப்பு

பலகை முகத்தை 320, பிறகு 400 எண் சாண்டிங் தாளால் ஒரே சீராகத் தேய்த்து, தூசியை உறிஞ்சி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது, மை ஒளி ஊடுருவுவது. ஆகவே வெள்ளை அல்லது மிக வெளிர் பலகைதான்.

ஓவனில் பலகையை 80, 90 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றினால் பிரஸ்ஸின் சுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்த வெப்பத்தில் பலகை இன்னும் விறைப்பாகவே இருக்கும். தாளையும் தனியே சில விநாடி சூடு காட்டி ஈரத்தை ஓட்டுங்கள். 60 செ.மீ. நீளம் 150 டிகிரி ஏறும்போது பலகை ஏறக்குறைய 3 மி.மீ. விரியும், தாளோ ஈரம் போய்ச் சுருங்கும். நான்கு பக்கமும் டேப் ஒட்டினால் தாள் கிழியும் அல்லது மடிப்பு விழும். ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். படத்தைச் சுற்றிலும் 5 மி.மீ. கூடுதலாக அச்சிட்டால் விரிவு மறைந்துவிடும். தாளுக்கு மேல் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்று. பின்பக்கம் ஊடுருவி வரும் சாய ஆவியை அது பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் மெம்பரேனில் படிந்து அடுத்த பலகையில் நிழலாகத் தெரியும்.

பிளேட் 180 டிகிரி. மேற்பரப்பு 175ஐத் தொட்ட பிறகு 3 நிமிடம் என்று தொடங்கி, சிறு துண்டுகளில் 5, 7 நிமிடம் என்று கூட்டிப் பாருங்கள். மூடியதிலிருந்து மொத்த நேரம் எந்திரத்துக்கு எந்திரம் மாறும். அதனால்தான் நேரத்தை மேற்பரப்பு வெப்பத்திலிருந்து எண்ணச் சொல்கிறோம். அக்ரிலிக் வாடை கடுமையாக வந்தால் வெப்பம் மிகுதி. வாடை இல்லாவிட்டாலும் எக்ஸாஸ்ட் விசிறி ஓடட்டும்.

ஆற வைப்பது

எந்திரத்தில் பாதி வேலை, ஆற வைப்பதில் மீதி வேலை. வாக்யூம் பிரஸ்ஸில் ஹீட்டரை நிறுத்தி, வெற்றிடம் குறையாமல் 70 டிகிரிக்குக் கீழ் இறங்கும்வரை விடுங்கள். விசிறியோ நீர்க்குழாயோ உள்ள மாடல் இங்கே கூடுதல் விலைக்குத் தகுதியானது, ஏனென்றால் நாளுக்கு எத்தனை பலகை என்பதை ஆறும் நேரமே தீர்மானிக்கும். ஏர் பிரஸ்ஸில் அப்படிக் காத்திருந்தால் கனமான பிளேட் மணிக்கணக்கில் ஆறும். அங்கே தாளை ஒரே இழுப்பில் உரித்து, பலகையை அதன் அடியில் வைத்த மெல்லிய தாங்கு பலகையோடு சேர்த்துத் தூக்கி, சுத்தமான சிலிகான் தாள் மூடி, பக்கத்திலேயே தயாராக உள்ள இரண்டு தடித்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே எடை ஏற்றி வையுங்கள். சூடான பலகையை இரண்டு கையால் ஓரம் பிடித்துத் தூக்கினால் தன் எடையிலேயே தொய்யும். பிரஸ்ஸுக்கு இடம் ஒதுக்கும்போதே இந்தக் குளிர்த் தகடுகளுக்கும் அதே அளவு இடம் ஒதுக்குங்கள்.

என்ன தவறினால் எப்படித் தெரியும்

நடு அடர்த்தி, ஓரம் வெளிறல்: பிளேட்டின் ஓரம் குளிர்ச்சி. பலகையைவிட ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. பெரிய பிளேட் இருந்தால் இது பெரும்பாலும் வராது. ஒழுங்கற்ற திட்டுகளாக வெளிறல் என்றால் வெப்பம் அல்ல, தொடர்புக் குறைவு. பின்பக்கம் சமமில்லை அல்லது காற்று சிக்கியிருக்கிறது. வாக்யூமில் சுற்றிலும் காற்று போகும் வலைத்துணி வைத்தால் தீரும்.

எழுத்து விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் தாள் நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் திறக்கும் கணத்தில்தான் நகரும். விளிம்பு மங்கி விரிந்திருந்தால் நேரம் அல்லது வெப்பம் கூடுதல். கறுப்பு பழுப்பாகத் திரும்புவதும் அநேகமாக அதே காரணத்தால். எல்லா நிறமும் ஒருசேர மங்கலாக இருந்தால் மேற்பரப்பு வெப்பம் எட்டவே இல்லை.

சிறு வெள்ளைப் புள்ளிகள் தூசியின் வேலை. கொப்புளம் ஓரிடத்தில் மட்டும் வந்தால் பிளேட்டில் அதற்கு நேரே சூடு மிகுந்த புள்ளி இருக்கிறது என்று பொருள், ஒன்பது கட்ட அளவை மறுபடி எடுக்க வேண்டும். எங்கும் வந்தால் ஆஃப்செட்டைச் சரிபாருங்கள். பலகை ஆறிய பிறகு நான்கு மூலையும் மேலெழுந்தால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். 90 டிகிரிக்கு மறுபடி சூடேற்றி நேராக்க முயன்றால் அசையாது. இளகும் வெப்பத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், அப்போது சாயமும் மீண்டும் நகரும்.

படம் பதிந்த பலகையைச் சூடான பாத்திரம் வைக்கும் இடத்துக்கோ நேர் வெயில் விழும் இடத்துக்கோ ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலாவதில் சாயம் கலங்கும், இரண்டாவதில் புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்கச் செய்யும். கீறல் விழுந்தால் மெல்லிய ஸ்க்ரப் பேடால் லேசாகத் தேய்க்கலாம். சாயம் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது, சாதாரண சாலிட் சர்ஃபேஸைப் போல மெஷின் வைத்து சாண்டிங் செய்தால் படம் போய்விடும். வாடிக்கையாளரிடம் பலகையைக் கொடுக்கும்போதே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.